இனிஷியல் முன்னாலா, பின்னாலா?

உதவித்தொகைத் தேர்வில் தேறியதற்காகப் பள்ளிக்கூட வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில் அந்தப் பெண்ணின் பெயர் சரியாகத்தான் இருந்தது. ரெட்டைச் சடை, ரிப்பன், போட்டோக்காரர் ‘சிரிம்மா’ என்று சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு. செலவை ஏற்றுக்கொண்டவர் ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அதனால் அவர் படம் அவள் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்காகக் கையை விட்டுச் செலவு செய்ய எத்தனை பேர் வருகிறார்கள்? ஃபிளெக்ஸ் நாலு மாதம் வெயிலில் வெளுத்து, ஐப்பசி மழையில் கிழிந்து, யார் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்கோ கூரையாகப் போயிற்று. அதற்குப் பிறகும் பல மாதம் அவள் கைக்கு உதவித்தொகை ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை. அதில் பாதித் தவறு என்னுடையது.

நான் கணக்கு டீச்சர். 2014-இல் மாறுதலில் இங்கே வந்தேன். புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரசு உயர்நிலைப் பள்ளி, அதாவது ஆறிலிருந்து பத்து வரைதான். ப்ளஸ் ஒன் சேர வேறு ஊருக்குப் போக வேண்டும். சுற்றிலும் மல்லிகை, முல்லை, சம்பங்கித் தோட்டங்கள். நடுநடுவே பலாவும் தென்னையும். வந்த புதிதில் ஒரு நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, “டீச்சர், என்எம்எம்எஸ் நீங்க பாத்துக்கங்க” என்றார். கணக்கு டீச்சர் என்றால் இந்த வேலை தானாக வந்து சேரும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய்வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு அது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நான் வந்தபோது அது ஒன்றரை லட்சமாக இருந்தது. தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம். அதற்குள் வந்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், வருஷத்துக்கு 12,000, நாலு வருஷத்துக்கு 48,000. 2017 வரைக்கும் இது மாதம் 500-ஆகத்தான் இருந்தது. பூ பறித்துக் கூலி வாங்குகிற வீட்டில் 48,000 என்பது பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்துவதா வேண்டாமா என்ற பேச்சையே மாற்றிவிடும்.

முதல் வருஷம் ஐந்து பேரை எழுத வைத்தேன். ஒருவரும் தேறவில்லை. அத்தனை பேரும் வகுப்பில் முதல் ஐந்து ரேங்க் எடுப்பவர்கள், அதனால் எனக்குப் பெரிய ஏமாற்றம். ‘கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது’ என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னபோது நானும் சும்மா இருந்துவிட்டேன். பிறகு வினாத்தாளை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெரும்பாலான கேள்விக்கு விடை தெரிந்திருந்தது. ஆனால் ஒருத்தி 90-இல் 54-ஐத்தான் தொட்டிருக்கிறாள். “ஏம்மா மிச்சம் எழுதல?” என்றால், “பதினேழாவது கணக்கு வரவே இல்ல டீச்சர், அதைப் போட்டு முடிச்சிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன்” என்கிறாள்.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது அதுதானே. ஒரு கணக்கை எடுத்தால் முடிக்காமல் விடாதே என்று நானேதான் வருஷம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தேர்வில் மனத்திறனுக்கு 90 கேள்வி, 90 நிமிஷம். பாடத்துக்கு 90 கேள்வி, 90 நிமிஷம். அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம், அதற்குள்தான் வட்டமும் கறுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் கிடையாது. ஆக, வராத கணக்கை விட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கு எனக்கே ஒரு வருஷம் பிடித்தது. வராத கணக்கின் மேல் பென்சிலால் ஒரு குச்சி போடு, அடுத்ததுக்குப் போ, கடைசிப் பத்து நிமிஷத்தில் குச்சிகளிடம் திரும்பி வா. இப்போது எங்கள் எட்டாம் வகுப்பில் ‘குச்சி போட்டாச்சு’ என்றால் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாதவன்கூட அதைத்தான் சொல்கிறான்.

ஓஎம்ஆர் தாள், அதாவது விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்குகிற தாள், தனிக்கதை. ஒரு பையன் ஒரு கேள்வியை விட்டுவிட்டு, வட்டத்தை விடாமல் கறுத்துக்கொண்டே போய்விட்டான். அங்கிருந்து கடைசி வரை எல்லா விடையும் ஒரு வரி மேலே. அவன் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். மறுநாள் வந்து சொல்லும்போது அழவில்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அதற்கப்புறம் வெற்று ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து, சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவேன். பத்துக் கேள்விக்கு ஒருமுறை நின்று, கேள்வி எண்ணும் வட்ட எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு பால்பாயிண்ட் பேனா, ஆளுக்கு இரண்டு. ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், உள்ளங்கை பட்டு இழுத்துவிடும்.

சிறப்பு வகுப்பு வைக்கிற நேரத்திலும் முதலில் தப்புச் செய்தேன். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் வரவில்லை. சோம்பேறிகள் என்று திட்டிவிட்டேன். ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு, வண்டியில் வந்த ஒருவரிடம் லிஃப்ட் கேட்டு விடியற்காலையில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். என் எட்டாம் வகுப்பே மல்லிகைத் தோட்டத்தில் நின்றது. இடுப்பில் துணியைக் கட்டி மடியாக்கி, மொட்டு மொட்டாகப் பறித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பறித்து, கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் பூ போய்ச் சேர வேண்டும். அதை முடித்துவிட்டு, குளித்து, பழைய சோறு சாப்பிட்டு, ஒன்பதே காலுக்கு மணியடிக்கும்போது வந்து நிற்கிறார்கள். கை விரல் நுனியில் காம்புக் கறை படிந்து கறுத்திருக்கும். அது அழுக்கு என்று நோட்டைத் திருத்தும்போது நான் சொன்னதுண்டு. அன்றிலிருந்து வகுப்பை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிஷமும், சனிக்கிழமை பத்து மணிக்கு மேலும் மாற்றினேன். முகூர்த்த நாளில் வகுப்பே கிடையாது. முகூர்த்தத்தன்று பூவுக்கு விலை ஏறும், யாரும் வரமாட்டார்கள். பஞ்சாங்கம் பார்த்துச் சிறப்பு வகுப்பு வைக்கிற கணக்கு டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்துத் தென்னையும் பலாவும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. பள்ளி திறந்தபோதும் ஊரில் கரண்ட் வரவில்லை. புத்தகம் நனைந்து போன பிள்ளைகள் பாதி. அந்த வருஷம் எழுதியவர்களில் நாலு பேர் தேறினார்கள். எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டிவி இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை, பறிக்கப் பூவும் இல்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கிறவரை பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

சரி, ஃபிளெக்ஸ் பெண்ணுக்கு வருகிறேன். 2022-இல் எழுதித் தேறியவள். அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இவள் அப்பாயியோடு ஊரில். தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். பதிந்தோம். பள்ளியில் சரிபார்த்து அனுப்பினோம். புதிதாக வங்கிக் கணக்கு தொடங்கி, ஆதாரையும் கொடுத்தாயிற்று. வங்கியில் ‘ஆதார் இணைச்சாச்சு’ என்றார்கள். நானும் வேலை முடிந்தது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மற்ற பிள்ளைகளுக்குப் பணம் வந்தது, இவளுக்கு வரவில்லை. கேட்டால் ‘வரும் வரும்’ என்றார்கள், நானும் அதையே அவளிடம் சொன்னேன். வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் மாவட்ட அலுவலகத்தில் இந்த வேலை தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னார்: பணம் எப்போதோ போய்விட்டது, வேறு கணக்குக்கு. அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஏதோ ஓர் உதவித்தொகைக்காக அப்பாயியைக் காப்பாளராகப் போட்டு இன்னொரு வங்கியில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். ஆதாரை வைத்து அனுப்புகிற பணம், நாம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குப் போவதில்லை. வங்கிகளுக்கு நடுவே பணத்தை அனுப்பிவைக்கிற என்பிசிஐ நிறுவனத்தின் பதிவில் அந்த ஆதாருக்கு எந்த வங்கி இருக்கிறதோ அங்கே போகும். அந்தப் பதிவில் பழைய வங்கிதான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாததால் பழைய கணக்கு முடங்கிக் கிடந்தது. உள்ளே பணம் இருக்கிறது, எடுக்க முடியாது.

முடக்கத்தை எடுக்கலாம் என்று போனால் பெயர் ஒத்துவரவில்லை. பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால். ஆதாரில் இனிஷியல் பின்னால். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயரே முழுசாக. மூன்றும் ஒரே பெண்தான் என்பது ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதாரைத் திருத்த இரண்டு நடை, வங்கிக்கு மூன்று நடை. அப்பாயி ஒவ்வொரு நடைக்கும் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலியை விட்டார்.

கடைசி நடைக்கு நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர், அப்பாயியின் புடவையையும் காதையும் பார்த்துவிட்டு, மை டப்பாவை எடுத்துத் திறந்து இந்தப் பக்கம் நகர்த்தினார். “கட்டை விரலை வைங்க பாட்டி.” அப்பாயி டப்பாவை மூடித் திருப்பி நகர்த்தினார். “பேனா குடுங்க தம்பி.” பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக, உதடு அசைய, பெயரை முழுசாக எழுதினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எங்கள் பின்னால் வரிசை நின்றது. வெளியே வந்ததும்தான் சொன்னார்: “அறிவொளியில கத்துக்கிட்டது டீச்சரம்மா. அப்பத்தான் சைக்கிளும் கத்துக்கிட்டோம். பொம்பளைங்க சைக்கிள் விடறாளுகன்னு ஊரே நின்னு சிரிச்சுச்சு.” 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி நான் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். படித்தவள் நான் வங்கியில் எழுதிக்கொடுத்த மனுவில் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டிருந்தேன். அதையும் அந்த இளைஞர்தான் கண்டுபிடித்துத் திருத்தினார், நல்ல பையன்.

பணம் வந்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அவளை ஒன்பதாவதோடு நிறுத்தித் திருப்பூருக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் இரண்டு முறை பேசியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது.

அதனால் இப்போது நான் செய்வது இது. எட்டாம் வகுப்பு தொடங்குகிற ஜூன் மாதத்திலேயே ஒரு நீள நோட்டுப் போடுகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ஆதாரில் பெயர் எப்படி, பள்ளிப் பதிவேட்டில் எப்படி, பாஸ்புக்கில் எப்படி, பிறந்த தேதி மூன்றிலும் ஒன்றா. இதுவரை எத்தனை வங்கிக் கணக்கு, ஆதார் எந்த வங்கியில் நிற்கிறது. இதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், வங்கியின் பெயர் வரும். வங்கியில் போய்க் கேட்கும்போது ‘ஆதார் இணைச்சாச்சா’ என்று கேட்கக் கூடாது, ‘என்பிசிஐ-யில் இந்தக் கணக்கு ஏறியாச்சா’ என்று கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. அப்புறம் செல்போன் எண். ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போன சிம்முக்கு ஓடிபி போய், அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். வீட்டில் எந்த எண்ணை மாற்றமாட்டார்கள் என்று கேட்டு அதைக் கொடுக்க வேண்டும். பல வீட்டில் அது அம்மாவின் எண்.

இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது. இந்த உதவித்தொகையை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் ப்ளஸ் ஒன்னுக்குத் தொடரும்; ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. எங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளிகளில் சிக்கலே இங்கேதான். பத்து முடித்துப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடுகிறது. நாங்கள் ‘புதுப் பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று இருப்போம், அவர்களுக்கு இந்தப் பிள்ளை உதவித்தொகைக்காரி என்பதே தெரியாது. நடுவில் கெடு தேதி போய்விடும். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கிற அன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் பதிவு எண்ணும் ‘புதுப்பிக்கவும்’ என்ற வார்த்தையும் எழுதி, சான்றிதழோடு பின் அடித்துக் கொடுக்கிறேன்.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு விளையாட்டு ஆசிரியர் பணியிடம் சில வருஷம் காலியாக இருந்தது, அப்போது பக்கத்துப் பள்ளிகள் மோதுகிற குறுவட்டப் போட்டிக்கும் நானே கூட்டிப்போனேன். ஒரு பையன், 800 மீட்டர். வெறுங்கால். முதல் சுற்றில் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டுப் பறந்தான், நான் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. 600 மீட்டரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காலையில் பூ பறித்துவிட்டு நேராக வந்திருக்கிறான், சாப்பிடவில்லை. போட்டிக்கு அழைத்ததோ மதியம் இரண்டு மணிக்கு. மறு வருஷம் ஊரில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவனுக்கு முதல் சுற்றை அடக்கி ஓடக் கற்றுக்கொடுத்தார். நான் என் பங்குக்குப் பத்து இட்லியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோனேன். குறுவட்டத்தில் முதலிடம். வருவாய் மாவட்டப் போட்டிக்குப் புதுக்கோட்டை போய், நாலாவதாக வந்தான்.

“நாலாவதுக்கு ஒண்ணும் இல்லையா டீச்சர்?” என்று கேட்டான். இல்லை, மூன்று வரைக்கும்தான் சான்றிதழ். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்குச் சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிச் சொன்னேன். இதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சிக்காரர், இதே 800 மீட்டர், 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் இரண்டாவதாக வந்தவர். பதக்கத்தைப் பிறகு பறித்துக்கொண்டதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவன் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, “ஆனா ஓடுனது ஓடுனதுதானே டீச்சர்” என்றான். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவன் பெயரையும் அவன் ஓடிய நேரத்தையும் வாசித்தோம். அன்றிலிருந்து வெளியூர் போட்டிக்குப் போய் வந்த எல்லார் பெயரையும், எத்தனாவது இடமாக இருந்தாலும் வாசிக்கிறோம்.

பத்தாம் வகுப்பு நூறு சதவீதம் என்கிற விஷயத்தில் எனக்கு மனக்கசப்பு உண்டு. ஒரு வருஷம் ஒரே ஒரு பையன் கணக்கில் 29 வாங்கி, எங்கள் நூறு போயிற்று. ஆசிரியர் அறையில் அவன் பெயரை எல்லோரும் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, நானும் அதில் ஒருத்தி. 35 வாங்க ஆறு மதிப்பெண். அவன் தேங்காய் லோடு ஏற்றப் போய்விட்டான். நானும் அறிவியல் சாரும் வீட்டுக்குப் போய், துணைத் தேர்வுக்குப் பணம் கட்டவைத்து, வரைபடமும் வடிவியல் வரைதலும் மட்டும் மூன்று வாரம் திரும்பத் திரும்பப் போடவைத்தோம். 41 வாங்கினான். தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலில் அது எங்கும் ஏறவில்லை. மளிகைக்கடைக்காரரிடம் ஒரு ஃபிளெக்ஸ் கேட்கலாமா என்று அறிவியல் சார் விளையாட்டாகச் சொன்னார். பையன் கையெடுத்துக் கும்பிட்டான், “வேணாம் சார், ஊரு பூரா தெரிஞ்சிடும்.”

இந்த ஜூனில் நோட்டைத் திறந்து எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தேன். எல்லோரையும் ஆதார் நகல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முதல் பெஞ்சில் ஒருவன் கை தூக்கி, “இனிஷியல் முன்னாலயா பின்னாலயா டீச்சர்?” என்றான்.

“ஆதார்ல எப்படி இருக்கோ, அப்படியே சொல்லு.”

அவன் நகலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் படித்தான். “பேரு சரியா இருக்கு டீச்சர். ஆனா பெண்ணுன்னு போட்டிருக்கு.”

வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. நோட்டில் அவனுடைய பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு குச்சி போட்டு, சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். “சனிக்கிழமை முகூர்த்தம் டீச்சர்” என்றான்.